முதலாண்டுக்காரர்களும் ஒரு கதவும்

எங்கள் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பொறியியலை அறிமுகப்படுத்தும் வகுப்பை எடுக்க யாரும் தாமாக முன்வர மாட்டார்கள். தேர்வு இல்லாத வகுப்பு அது, மதிப்பெண்ணும் இல்லை. ஆகவே மாணவர்களுக்குப் பயமும் இல்லை. பொறியியல் என்றால் என்ன, பொறியாளர் என்பவர் யார், நான்கு வருடம் இங்கே என்ன செய்யப்போகிறோம் என்று காலையிலிருந்து மாலைவரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் அது என் தலையில் விழுந்தது. எங்கள் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் நல்லாப் பேசறீங்களே மேடம்" என்றார். துறைக் கூட்டங்களில் நான் அதிகம் பேசுகிறேன் என்ற மனக்குறையை இதைவிட மரியாதையாக ஒருவர் சொல்லிவிட முடியாது.

நான் ராயபுரத்துக்காரி. அப்பா ரயில்வேயில் இருந்தார். சிவில் படித்து, படித்த கையோடு பாடம் நடத்த வந்துவிட்டேன். எனக்கெல்லாம் பொறியியலை யாரும் அறிமுகப்படுத்தவில்லை. முதல் நாளே வரைபலகையின் முன்னால் நிறுத்தி ஒரு கோடு போடச் சொன்னார்கள், போட்டேன், தப்பு என்றார்கள். அவ்வளவுதான் அறிமுகம். இப்போது காலம் மாறிவிட்டது. பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் பதமாக, வாரக்கணக்கில் சொல்ல வேண்டும். அதற்காகக் கோடை விடுமுறையில் உட்கார்ந்து பாலம், அணை, ராக்கெட், எல்லாவற்றையும் படமாகச் சேர்த்துத் திரையில் காட்டத் தயார் செய்திருந்தேன். எனக்கே என் மீது மரியாதை வரும்படி இருந்தது.

வகுப்பு மூன்றாவது மாடியில், எண்ணூர் போகும் சாலையைப் பார்த்தாற்போல. ஜன்னலைத் திறந்தால் கண்டெய்னர் லாரிகளின் வரிசையும் அதற்கப்பால் கடலும் தெரியும். முதல் நாள் பாதிப்பேர் தாமதமாக வந்தார்கள். வழியை மறித்து லாரி நின்றுவிட்டது என்றார்கள். மெட்ரோவில் வந்தவர்களும் லாரி நின்றுவிட்டது என்றுதான் சொன்னார்கள்.

எல்லோரும் உட்கார்ந்ததும், எதற்காக இன்ஜினியரிங் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். வியாசர்பாடிப் பையன், எழும்போதே சிரித்துக்கொண்டே எழுகிறவன். "நான் பி.காம்தான் கேட்டேன் மேடம். எங்கம்மாதான் ஒரே புடியா நின்னுகினாங்க. இப்போ நான் நின்னுகினு கீறேன்."

உட்காரச் சொன்னேன்.

ஜன்னலோரம் இருந்த பெண் எண்ணூர்க் கடலோர மீனவக் குப்பமான நெட்டுக்குப்பத்துக்காரி. அவள் யோசித்துவிட்டு, "ஒரே பஸ்ஸு மேடம். மாற வேணாம்" என்றாள். அவள் கேலி செய்யவில்லை. கேட்டதற்கு உண்மையான பதிலைச் சொல்லியிருந்தாள், அவ்வளவுதான்.

முதல் வரிசையில் நாமக்கல் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் ஒரு பையன், சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "நாட்டின் வளர்ச்சிக்கும் சமுதாயத்தின் மேன்மைக்கும் என்னால் இயன்ற பங்களிப்பை ஆற்ற வேண்டும் என்பதே என் சிறுவயது முதலான இலட்சியமுங்க மேடம்" என்று மூச்சுவிடாமல் சொன்னான்.

"எலெக்சன்ல நிக்கறியா மாமு?" என்றது கடைசி பெஞ்ச்.

எல்லோரும் சிரித்தார்கள். நாமக்கல் பையன் சிரிக்கவில்லை. பக்கத்திலிருப்பவனிடம், என்ன சொன்னார்கள் என்று கேட்டான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திரையில் என் படங்களைப் போட்டேன். "பொறியாளர் என்பவர் பிரச்சனைகளுக்குத் தீர்வு காண்பவர்" என்று பெரிய எழுத்தில் இருந்த பக்கத்துக்கு வந்து, வாயைத் திறந்தேன். படார் என்று வகுப்புக் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. முன் வரிசையில் இருந்தவர்கள் துள்ளினார்கள். நானும் துள்ளினேன். ஒருவன் போய்க் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தான். மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி படார்.

"மேடம்," என்றான் வியாசர்பாடிப் பையன், ரொம்ப மரியாதையாக. "அல்லாத்துக்கும் தீர்வுன்றீங்க. இந்தக் கதவுக்கு இன்னா மேடம் தீர்வு?"

அந்தக் கதவு அடிப்பது எனக்குத் தெரிந்து பல வருடமாக நடப்பது. அதற்குக் கீழே ஒரு செங்கல் வைப்பார்கள், யாராவது இடறி விழுவார்கள், செங்கல்லை எடுத்துவிடுவார்கள். பிறகு ஒரு பெஞ்சை முட்டுக் கொடுப்பார்கள், பெஞ்சைத் தேடிக்கொண்டு அலுவலகத்திலிருந்து ஆள் வரும். கட்டடம் முழுக்கப் பொறியாளர்கள் இருந்தும் யாரும் அதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டதில்லை. எனக்குச் சற்று ரோஷம் வந்துவிட்டது. திரையை அணைத்தேன்.

"சரி. நீங்களே கண்டுபிடிங்க. கதவு திறக்கணும், மூடணும், அடிக்கக் கூடாது. இந்த வாரம் பூரா இதுதான் வகுப்பு."

பாலமும் அணையும் ராக்கெட்டும் என் பையிலேயே தங்கிவிட்டன.

அன்று மாலை நாமக்கல் பையன் ஆசிரியர் அறைக்கு வந்தான். வேறு கல்லூரிக்கு மாற்றல் கிடைக்குமா என்று கேட்டான். வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. வீட்டு ஏக்கம் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை என்றான். இங்கே காற்றில் ஒரு வாசனை வருகிறது, என்ன என்று கேட்டால் "எந்த வாசனை?" என்று திருப்பிக் கேட்கிறார்கள் என்றான். அது பழகிவிடும் என்றேன்.

"இங்கிலீஷ் கஷ்டமா இருக்காப்பா?"

"இங்கிலீஷ் பரவாயில்லீங்க மேடம். தமிழ்தானுங்க புரிய மாட்டேங்குது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, வாரக் கடைசி வரை பொறுத்துப் பார் என்று அனுப்பினேன். மறுநாள் வகுப்பைக் குழுக்களாகப் பிரிக்கும்போது அவனை வியாசர்பாடிப் பையனோடும் நெட்டுக்குப்பத்துப் பெண்ணோடும் சேர்த்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில், நான் அவனுக்கு ஏதோ தண்டனை கொடுத்துவிட்டேன் என்பது தெரிந்தது.

தீர்வுகள் வந்து குவிந்தன. ஒரு குழு, கதவில் சென்சார் வைத்து, அது காற்றைக் கண்டுபிடித்து, மோட்டாருக்குச் சொல்லி, மோட்டார் கதவைப் பிடித்துக்கொள்ளும் என்று படம் போட்டுக்கொண்டு வந்தது. கைபேசியிலேயே கதவைத் திறக்கலாமாம். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்கு இன்னொரு செயலி செய்வோம் என்றார்கள்.

நாமக்கல் பையன் இரவெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தான். ஸ்கேல் வைத்துக் கோடிட்ட தாளில் காற்றின் விசை, கதவின் பரப்பு எல்லாம் அழகாக இருந்தன. விடை மட்டும், அந்தக் கதவை நிறுத்த ஒரு யானை வேண்டும் என்று வந்திருந்தது. கதவின் உயரத்தைச் சென்டிமீட்டரில் போட்டு மீட்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். வியாசர்பாடிப் பையன் தாளை வாங்கிப் பார்த்து, "சூப்பரா கீது மாமு. யானைய மாடி ஏத்தறதுக்கு இன்னொரு கணக்கு போட்ரு" என்றான். சொல்லிவிட்டுத் தன் தீர்வைச் சொன்னான். கதவுக்குப் பக்கத்தில் ஒருத்தன் குந்திக்கொண்டு காலால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு ஒருத்தன். முறை வைத்துப் பெயர்கூட எழுதிவிட்டான். அந்த வரிசையில் அவன் பெயர் இல்லை. கேட்டதற்கு, "நான் சூப்பர்வைசர் மேடம்" என்றான்.

நெட்டுக்குப்பத்துப் பெண் பையிலிருந்து ஒரு பழைய வலை மிதவையை எடுத்தாள். அதைக் கதவிடுக்கில் வைத்து அமுக்கினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. மதியம் காற்று எடுத்தபோதும் கதவு அசையவில்லை. வகுப்பே கைதட்டியது. அரை மணி நேரத்தில் கேன்டீன் பூனை மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டது. மிதவையை முகர்ந்து பார்த்து, நக்கிப் பார்த்து, அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. பிறகு அதன் குட்டிகளும் வந்தன. கருவாட்டு வாசனை அடிக்கும் தீர்வை ஏற்க முடியாது என்று முன்வரிசை சொல்ல, "எந்த வாசனை?" என்று அவள் கேட்டாள். நாமக்கல் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அப்போதுதான் நான் ஒன்று கேட்டேன். "இந்தக் கதவு எப்பல்லாம் அடிக்குதுன்னு யாராவது பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. இதற்குள் மோட்டார் வரை போய்விட்டார்கள், கதவை யாரும் பார்க்கவில்லை.

"காலைல அடிக்காது மேடம்" என்றாள் அந்தப் பெண். "மத்தியானம் கடக்காத்து எடுத்தப்புறம்தான்."

"இதை ஏன்மா முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கல மேடம்."

மறுநாள் மதியம் அவர்கள் மூவரும் வராந்தாவில் உட்கார்ந்து கதவைப் பார்த்தார்கள். கடற்காற்று வீசும்போதுகூடக் கதவு எப்போதும் அடிக்கவில்லை. சில நேரம் சும்மா நிற்கிறது, திடீரென்று அடிக்கிறது. ஏன் என்று புரியவில்லை. வியாசர்பாடிப் பையன் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். தின்று முடித்த பாக்கெட்டை மெல்லிய பட்டையாகக் கிழித்து, நூலில் கட்டித் தூக்கிப் பிடித்தான். விளையாட்டுக்குத்தான் செய்தான். கடல் பக்கமிருந்து வகுப்பு வழியாக வராந்தாவுக்கு வந்த காற்றில் பட்டை இடதுபுறம் திரும்பிப் படபடத்தது. அது காட்டிய பக்கமாக நடந்தார்கள். பட்டை இன்னும் வேகமாக ஆடியது. அப்படியே போய் நின்ற இடம் துறைத் தலைவரின் அறை வாசல்.

அவர் தயிர்சாதம் முடித்துவிட்டு, மேற்கு ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்து, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நான் பின்னாலேயே ஓடி வருவதற்குள் கண் திறந்துவிட்டார்.

"என்ன கையில?"

"காற்றின் திசைகாட்டிங்க சார்" என்றான் நாமக்கல் பையன்.

"சிப்ஸ் பாக்கெட்டு சார்" என்றான் மற்றவன்.

"அது எதுக்கு இங்க வந்துச்சு?"

"நாங்க இட்டுனு வர்ல சார். அதுதான் எங்கள இட்டுகினு வந்துச்சு."

துறைத் தலைவர் என்னைப் பார்த்தார். இது நான் சொல்லிக்கொடுத்ததா என்ற கேள்வி அதில் இருந்தது. நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

"அப்ப என் ஜன்னலாலதான் உங்க கதவு அடிக்குதுன்றீங்க."

நெட்டுக்குப்பத்துப் பெண்தான் பேசினாள். "ஜன்னல் மேல தப்பு இல்ல சார். காத்து அங்க வந்து இங்க வெளிய போவுது. நடுவுல கதவு கீது. அதான்."

அவர் எங்கள் துறையில் திரவ இயக்கவியல் நடத்தும் மனிதர். காற்றும் தண்ணீரும் எந்தக் குழாயில் எப்படிப் போகும் என்று வாழ்நாள் முழுக்கக் கணக்குப் போட்டவர். தினமும் மதியம் தன் ஜன்னலைத் திறந்து, வராந்தாவின் அந்தப் பக்கம் கதவு அடிக்கும் சத்தத்தைக் கேட்டு, பசங்களுக்கு ஒழுக்கமே இல்லை என்று எங்களிடம் குறைபட்டுக்கொண்டும் இருந்தவர். ஒரு நிமிடம் முகம் கடுகடுவென்றிருந்தது. பிறகு எழுந்தார். ஜன்னலை மூடினார். "போய்ப் பாருங்க" என்றார். கதவு சும்மா நின்றது. திறந்தார். படார். மூடினார். திறந்தார். படார். வராந்தாவில் ஒருவரை ஒருவர் கூவி அழைத்துக்கொண்டு இதைச் செய்ததில் மற்ற வகுப்புக்காரர்கள் எல்லாம் எட்டிப்பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நேராக எங்கள் வகுப்புக்கு வந்து சாக்பீஸை எடுத்தார். அழுத்த வேறுபாடு என்று ஆரம்பித்து, பலகையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை எழுதி, அழித்து, மறுபடி எழுதினார். கல்லூரி பஸ் கிளம்பும் ஹாரன் கேட்கும்வரை நிறுத்தவில்லை. அவர் முதலாண்டு வகுப்புக்குள் வந்தே வெகுகாலம் ஆகியிருக்கும். பிள்ளைகள் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வரும்போது வியாசர்பாடிப் பையன் என்னிடம், "நாம கதவு சத்தத்தையே கேட்டுக்கினு இருந்திருக்கலாம் மேடம்" என்றான்.

ஆனால் ஜன்னலை மூடிவைக்க மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் மூடினா கதவு அடிக்காது. ஆனா நான் உள்ள வெந்துடுவேன். அது தீர்வு இல்ல, உங்க கஷ்டத்த என் ரூமுக்குத் தள்ளிவிடறது" என்றார். அந்தப் பெண்ணும் அதை நியாயம் என்று ஒப்புக்கொண்டாள். ஆகவே மறுபடி கதவுக்கே வந்தார்கள்.

வியாசர்பாடிப் பையன் தெரிந்த பஞ்சர் கடையிலிருந்து பழைய சைக்கிள் டியூப் கொண்டுவந்தான். நாமக்கல் பையன் இந்த முறை மீட்டரையும் சென்டிமீட்டரையும் பிரித்தறிந்து கணக்குப் போட்டான். டியூபைக் கதவின் கைப்பிடியிலிருந்து சுவரிலிருந்த கொக்கிக்கு இழுத்துக் கட்ட, அந்தப் பெண் போட்ட முடிச்சை மற்ற இருவராலும் கடைசிவரை அவிழ்க்க முடியவில்லை. முதலில் கட்டியதில் கதவு மூடவே மறுத்துவிட்டது. அடுத்ததில், மூடிய கதவைத் திறந்தவனை உள்ளே இழுத்துப் போட்டது. ஒருவழியாக அளவு பிடிபட்டபோது, காற்று தள்ளத் தள்ளக் கதவு நிதானமாக வந்து, தொப் என்று பொருந்தியது. படார் போய்விட்டது. அதற்குப் பதிலாக, டியூப் இழுபடும்போது கன்றுக்குட்டி கத்துவது போல ஒரு முனகல் வந்தது. என் பாடம் எல்லாம் அந்த முனகலோடுதான் நடந்தது. துறைத் தலைவர் வந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இம்ப்ரூவ்மென்ட்" என்றார்.

கொஞ்ச நாளில் உப்புக்காற்று பட்டு டியூப் வெடிப்பு விட்டு, கணக்கு ஆசிரியரின் வகுப்பு நடுவே அறுந்து கரும்பலகையில் விளாசியது. அவர் துறைத் தலைவரிடம் புகார் செய்தார். துறைத் தலைவர் புகாரை விட்டுவிட்டு, எந்த இடத்தில் அறுந்தது, ஓரத்திலா நடுவிலா என்று விசாரித்திருக்கிறார். கணக்கு ஆசிரியர் அதற்கப்புறம் எங்கள் இருவரோடும் சில நாள் பேசவில்லை. பிள்ளைகள் புது டியூபை இரட்டையாக மடித்துக் கட்டினார்கள். முனகல் கொஞ்சம் தடித்த குரலாக மாறியது.

தீபாவளி விடுமுறை முடிந்த சமயம் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. நாமக்கல் பையனின் அம்மா.

"ஏனுங்க மேடம், நம்ம பையன் அங்க நல்லா இருக்கானுங்களா?"

நன்றாக இருக்கிறான், நன்றாகப் படிக்கிறான் என்றேன். அந்த அம்மாவுக்குச் சமாதானம் ஆகவில்லை.

"இல்லீங்க, லீவுக்கு வந்திருந்தானுங்க. சாப்பாடு போட்டா, 'இன்னாமா கொயம்பு'ங்கறான். அவங்க அப்பாவ 'நைனா'ங்கறானுங்க. அவரு ரெண்டு நாளா வாயே தொறக்கலீங்க. சேர்க்கை ஏதாச்சும் சரியில்லீங்களா?"

சேர்க்கை நல்ல சேர்க்கைதான், அந்தப் பையன்தான் இவனை அம்மன் கோயில் திருவிழாவுக்குத் தன் வீட்டுக்கெல்லாம் அழைத்துப்போய்ச் சோறு போடுகிறான் என்று சொன்னேன். இன்ஜினியரிங்கில் இது ஒரு பாடமா என்று கேட்டார். பாடத்திட்டத்தில் இல்லை, சேர்ந்து வருகிறது என்றேன். மாற்றல் வேண்டும் என்று அவன் அதற்கப்புறம் கேட்கவே இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. கேட்டதே அவருக்குத் தெரியாது.

மழைக்காலம் போன பிறகு, கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வருகிறது என்று தெரிந்ததும் நிர்வாகம் விழித்துக்கொண்டது. சுவருக்கெல்லாம் வெள்ளை. கழிவறைகளுக்குப் புதுக் குழாய். மூன்றாவது மாடிக் கதவுகளின் மேல் கதவைத் தானாகச் சாத்தும், கடையில் வாங்கிய, பளபளக்கும் இரும்புக் கை பொருத்தினார்கள். டியூபைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். முடிச்சை அவிழ்க்க முடியாமல் அறுத்துத்தான் எடுத்தார்களாம்.

மூவரும் வந்து பார்த்தார்கள். கதவு சத்தமே இல்லாமல் வந்து, கடைசியில் ஒரு கணம் தயங்கி, மெதுவாகச் சாத்திக்கொண்டது. மனம் நொந்துபோவார்கள் என்று பயந்து, ஆறுதலாக என்ன சொல்லலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைக் கவனிக்கவேயில்லை. வியாசர்பாடிப் பையன் கதவைத் திறந்தான், விட்டான். மறுபடி திறந்தான், விட்டான்.

"கடைசில எப்டி மேடம் ஸ்லோ ஆவுது? உள்ள இன்னா கீது?"

எண்ணெயும் ஸ்பிரிங்கும் இருக்கும் என்றேன்.

"எண்ணெ எந்த வழியா போவும்ங்க மேடம்?" என்றான் நாமக்கல் பையன்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன்.

"கயட்டிப் பாக்கலாமா மேடம்?" என்றாள் நெட்டுக்குப்பத்துப் பெண்.

குழு வந்து போகும்வரை யாரும் அதில் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். பொறுத்திருந்தார்கள். குழுவின் கார் கேட்டைத் தாண்டி கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மறைந்ததும், மூன்றாவது மாடிக்கு ஏறினேன். அதற்குள் இரும்புக் கையைக் கழற்றிப் பழைய செய்தித்தாளின் மேல் பரப்பியிருந்தார்கள். தாளெல்லாம் எண்ணெய். துறைத் தலைவர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, நடுவில் உட்கார்ந்திருந்தார். "நான் இப்பதான் வந்தேன் மேடம்" என்றார் என்னிடம், கையெல்லாம் எண்ணெயாக.

சாயங்காலம் எல்லாவற்றையும் மறுபடி மாட்டினார்கள். கதவு முன்போலவே மெதுவாகச் சாத்திக்கொண்டது. தரையில் மட்டும் ஒரு திருகாணி மிஞ்சியிருந்தது. நால்வரும் அதைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். அது முதலிலிருந்தே கூடுதலாகத்தான் இருந்திருக்கும் என்றார் துறைத் தலைவர். வியாசர்பாடிப் பையனும் அதையே சொன்னான். நாமக்கல் பையன் இரும்புக் கையில் இருந்த துளைகளை எண்ண ஆரம்பித்தான். நெட்டுக்குப்பத்துப் பெண் பையைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சை இழுத்துக் கதவருகே போட்டு ஏறி, ஸ்க்ரூ டிரைவருக்காகக் கையை நீட்டினாள். மாற வேண்டாத அவளுடைய பஸ் கிளம்பும் நேரமாகிவிட்டது என்று நான் சொன்னேன். அடுத்ததில் போகிறேன் என்றாள். துறைத் தலைவர் பெஞ்சு ஆடாமல் பிடித்துக்கொண்டார்.